பத்தாயிரம் பாட்டுக் கேட்ட ஊர்

பாதிப்பேர் ஊரிலும் பாதிப்பேர் வெளிநாட்டிலுமாக இருக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் ஐந்தாறு வரிக்கு மேல் எதையாவது எழுதிப் பாருங்கள். காணி வழக்காக இருக்கலாம், பெரியப்பாவின் சத்திரசிகிச்சையாக இருக்கலாம். கொஞ்சம் நீண்டதும் திரை மிச்சத்தை 'மேலும் வாசிக்க' என்று மடித்து வைத்துவிடும். சற்று நேரத்தில் பதில் வரும்: "நீளமாக் கிடக்கு, விசயத்தைச் சொல்லுங்கோ." இன்னொருவர் கட்டைவிரல் அடையாளத்தை மட்டும் போடுவார், வாசித்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இளையவர்கள் இதை ஆங்கிலத்தின் நாலு எழுத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ரீ.எல்.டி.ஆர். என்றால் நீளம் கூடிவிட்டது, வாசிக்கவில்லை என்று பொருள். ஒன்றை வாசிக்காமல் விட்டவர் முன்பெல்லாம் அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவார். இன்று அந்தக் கூச்சம் போய், சொல்வதற்கென்றே ஒரு குறியும் வந்துவிட்டது.

உலகத்தின் எந்த ஊரிலிருந்தும் இதைப் பற்றி எழுதலாம். நல்லூரிலிருந்து எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நீண்ட நூலொன்றை ஊர் கூடியிருந்து, முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டு முடிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்த மண் இது. தமிழ் உரைநடையை எல்லாரும் வாசிக்கக்கூடியதாக ஆக்கிய மனிதர் பிறந்ததும் இங்கேதான்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் ஆறு காண்டம், 10,345 பாட்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இதைப் படனம் செய்வார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார்: சொல்லைப் பிரித்து, பொருளை விரித்து, நியாயம் காட்டி, தேவையானால் ஊர்க்கதை ஒன்றையும் சேர்த்துவிட்டு அடுத்த பாட்டுக்கு வழிவிடுவார். நாளொன்றுக்கு நூறு பாட்டு வீதம் ஒரு நாளும் விடாமல் போனாலும் முடிக்க மூன்று மாதத்துக்கு மேலாகும். பயன் சொல்பவர் வல்லவரானால் நூறு பாட்டு ஒரு நாளில் நகராது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், கார்த்திகை கழிந்து வரும் பெருங்கதை நாட்களில் 21 நாளும் பிள்ளையார் கதை, சித்திரைப் பறுவத்தில் சித்திரபுத்திரனார் கதை என்று வருசம் முழுவதும் வாசிப்புக்கு ஓரிடம் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சி ஒருவர் சூரபன்மன் வரம் வாங்கிய கதையை அடிபிசகாமல் சொன்னது இந்தப் படனத்தில் இருந்து கேட்டுத்தான்.

திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையோடு பெயர் ஒட்டிப்போன பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டார். தட்ச காண்டத்துக்கு உரை எழுதியவரும் அவரே. ஒரு நூலின் பெயரால் ஒரு சமூகத்தைக் குறிப்பதென்றால், அந்த நூலோடு அந்தச் சமூகம் எவ்வளவு காலம் கூட இருந்திருக்க வேண்டும்.

இந்தப் படனத்தில் இன்றைக்கு நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பயன் சொல்பவர் செய்ததும் ஒருவகையில் சுருக்கம்தான். கடினமான பாட்டை நாலு வார்த்தையில் புரியவைப்பது அவர் தொழில். ஆனால் பாட்டு முழுதாக வாசிக்கப்பட்ட பின்னரே அவர் வாய் திறப்பார். மூலம் முதலில் சபைக்கு வரும். அதன் பக்கத்தில் விளக்கம் நிற்கும். பயன் பிழையென்றால் கேட்டிருக்கும் இன்னொரு பண்டிதர் அந்த இடத்திலேயே மறுக்கலாம், ஏனென்றால் பாட்டு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இன்று கைத்தொலைபேசிக்கு வரும் சுருக்கத்தின் பக்கத்தில் மூலம் இல்லை. தேடிப் போகலாம், போகிறவர்கள் குறைவு. மறுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாத நிலையில் சுருக்கியவர் சொன்னதே செய்தியாகிவிடுகிறது.

சுருக்கி எழுதுவதோடு எனக்குச் சண்டை இல்லை. நம்மவர்கள் அதில் பழையவர்கள். ஏட்டிலும் கணக்குக் கொப்பியிலும் உறுதிகளிலும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்ற எட்டுக்கும் ஒற்றைக் குறியீடுகள் இருந்தன. பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் பார்த்தவர்களுக்கு ௸ என்று சுழித்து எழுதிய 'மேற்படி' தெரிந்திருக்கும். 2003இல் ஒருங்குறியின் நான்காம் பதிப்பு வந்தபோது இந்தக் குறியீடுகளும் கணினிக்குள் இடம் பிடித்தன. இலங்கைத் தமிழரின் அன்றாடமும் சுருக்கங்களால் நிறைந்ததே. பள்ளிக்கூடப் பெயருக்கு முன்னால் 'யா/' போடுகிறோம். க.பொ.த. சா/த, உ/த என்று பிள்ளைகளின் வயதை அளக்கிறோம். பாடநூலில் 'உ+ம்' என்றால் உதாரணம் வருகிறதென்று எங்கள் பிள்ளைக்குத் தெரியும். சங்கக்கடைப் பலகையில் ப.நோ.கூ.ச. என்று இருந்தால் அங்கே அரிசி மாவு கிடைக்கும் என்று அர்த்தம். இவையெல்லாம் இருவரும் முன்பே அறிந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப எழுதும் சிரமத்தைக் குறைத்தன. அறியாத ஒன்றை அறியாமலே கடந்து போக உதவவில்லை.

எழுத்துச் செய்தி வந்தபோது சுருக்கத்துக்கு வேறொரு காரணம் சேர்ந்தது. 1985இல் பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜேர்மன் பொறியியலாளர் ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று கணக்கிட்டார். அந்த 160 ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்கும் உரியது. தமிழில் அனுப்பினால் அதே செய்திக்குள் 70 இடந்தான். அதிலும் உயிர்மெய்க் குறி ஒரு இடம், புள்ளி ஒரு இடம். நாலெழுத்தான 'நல்லூர்' ஏழு இடத்தை எடுத்துக்கொள்ளும், 'யாழ்ப்பாணம்' பதினொன்று. தாண்டினால் இரண்டாவது செய்திக்கும் காசு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு குடாநாட்டில் கைத்தொலைபேசி பரவியபோது இருந்த கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை ஒடித்து எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றியதற்கு மொழிப்பற்றுக் குறைவைக் காரணமாகச் சொல்லித் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். காசு மிச்சம்பிடித்த பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டுப்பாடு தீர்ந்து, இன்று எவ்வளவு எழுதினாலும் கட்டணம் கூடாது என்ற நிலை வந்த பிறகும் அந்த ஒடிப்பு நிலைத்துவிட்டதே என்பதுதான் வருத்தம்.

நாவலர் வெட்டியதும் விட்டதும்

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் பிறந்தார். அவர் கையில் கிடைத்த தமிழ் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. புள்ளி பெரும்பாலும் இல்லை. குறிலும் நெடிலுமான எகர ஒகரங்களை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். எங்கே வாக்கியம் முடிகிறது என்று சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பொறுமை இருந்தாலும் தனியே வாசிக்க முடியாத எழுத்து அது.

அந்தக் காலத்தில் துண்டுப் பிரசுரங்கள் ஊரெங்கும் பரவின. மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் அவற்றை ஏராளமாக அடித்தது. கையடக்கமானவை, இலவசமானவை, ஒரு மூச்சில் வாசித்து முடியக்கூடியவை. வெஸ்லியன் மிசன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலருக்கு அச்சின் வலிமை நன்றாகத் தெரிந்திருந்தது. அவரும் கண்டனப் பிரசுரங்கள் எழுதினார். ஆனால் அங்கே நிற்கவில்லை. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் அது தொடர்ந்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. அடுத்த வருடம் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாலபாடங்கள் படிப்படியாக வெளிவந்தன. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கொண்ட பெரியபுராணத்தை 1852இல் வசனமாக அச்சிட்டார்.

அந்த வசன நூலைத் திறந்து பாருங்கள். வழக்கில் உள்ள சொற்கள். கூடியவரை சந்தி பிரித்த எழுத்து. மூச்சு விடவேண்டிய இடத்தில் காற்புள்ளி, நிறுத்தவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி. பந்தி பந்தியாகப் பொருள். படித்த வித்துவானும் படிப்பில்லாதவரும் ஒன்றுபோல வாசிக்கவேண்டும் என்ற நோக்கத்தை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வாசகனின் பொறுமை எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து அந்த முள்ளை எடுத்தார். நாயன்மார் கதைகளின் கனம் அப்படியே இருந்தது. வாசகனுக்கு அவர் காட்டிய மரியாதையாக நான் இதைப் பார்க்கிறேன்: நீ முழுவதையும் வாசிப்பாய், வழியைச் சீராக்கித் தருவது என் பொறுப்பு என்ற நம்பிக்கை.

நீளப் பதிவு எழுதுகிற இன்றைய எழுத்தாளர்கள் பலர் இதை மறந்துவிட்டோம். பந்தி பிரிக்காமல், நிறுத்தற்குறி இல்லாமல், விசயத்துக்கு வருவதற்கு முன் முகமன்களை அடுக்கி ஒரு மதில் கட்டிவிட்டு, வாசிக்க ஆளில்லை என்று முறையிடுகிறோம். பாதிப் பழி எழுதுகிறவனுக்கும் உண்டு.

புராணம் கேட்ட மண்டபம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கே எழுதியே ஆகவேண்டும். சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பத்தாயிரம் பாட்டும் மதிலுக்கு அப்பால்தான் கேட்டது. நாவலரும் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவரே. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுக்காகப் போராடவேண்டியிருந்தது. ஆகவே பழைய வாசிப்பு மரபைப் புகழும்போது எல்லாரும் கூடியிருந்து வாசித்ததாகக் கற்பனை செய்யக்கூடாது. அந்தக் குறையை ஓரளவு நிரப்பியவை ஊருக்கு ஊர் எழுந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும். ஒரு பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நாலுபேர் வாங்கிலிருந்து வாசிப்பார்கள். கண் தெரியாத கிழவருக்கு ஒரு பொடியன் உரத்து வாசித்துக் காட்டுவான். கோயில் மண்டபத்தை விடவும் எனக்கு நெருக்கமான படனம் அது.

விளக்கில்லாத வருடங்கள்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 1990 தொடக்கம் ஐந்து வருடத்துக்கு மேல் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, மின்கலத்துக்குத் தடை, பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிக்குரிய கோடுபோட்ட தாளில் கூடப் பத்திரிகை அச்சாகி வந்தது. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுச் செய்த சிக்கன விளக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். கிடைத்த சஞ்சிகை கைமாறிக் கைமாறி அட்டை கழன்று போகும்வரை வாசிக்கப்பட்டது.

அந்தத் தலைமுறையின் பொறுமையைக் காட்டி இன்றைய பிள்ளைகளைக் கண்டிப்பது நியாயமில்லை. அன்று வாசிக்கக் கிடைத்தது கொஞ்சம். கிடைத்ததில் உயிரே தங்கியிருந்தது. இன்றும் எங்கள் ஆட்கள் நீளமாக வாசிக்கும் ஒரு எழுத்து உண்டு. அது மரண அறிவித்தல். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் இன்னின்னாரின் பாசமிகு தந்தையும் என்று முற்றுப்புள்ளி வராமல் ஓடும் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சந்தியில் ஒட்டிய நோட்டீசில் நின்று வாசிக்காமல் யாரும் போவதில்லை. தனக்கு உறவு இருக்கிறதா என்று தேடுகிற கண்ணுக்கு நீளம் தெரிவதில்லை. ஆனால் அந்த மரணத்துக்கு முகநூலில் எழுதப்படுவது மூன்று ஆங்கில எழுத்து. முன்பு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள்: இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சம், இரங்கற்பா, கூடவே தேவாரமோ சிவபுராணமோ. சாதாரண கமக்காரர் ஒருவருக்கும் இப்படி ஒரு நூல் இருந்தது. அவற்றில் பலவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பல்லாயிரம் ஆவணங்களோடு சேர்த்து எண்ணிமப்படுத்தி வைத்திருப்பதால் யாரும் இன்றைக்கும் வாசிக்கலாம்.

பொறுமைக் குறைவு கைத்தொலைபேசியோடு வந்ததென்றும் சொல்ல முடியாது. 1997லேயே, கைக்குள் இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஜேக்கப் நீல்சனும் அவரோடு ஆராய்ந்தவர்களும் பார்த்தார்கள்: இணையப் பக்கத்தைப் பார்த்தவர்களில் 79 வீதத்தினர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினர், சொல்லுக்குச் சொல் வாசித்தவர்கள் 16 வீதம். 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 170,000 பேரின் வாசிப்பை ஒப்பிட்டது. தகவல் எழுத்தைத் தாளில் வாசித்தவர்களுக்குத் திரையில் வாசித்தவர்களை விட விளக்கம் கூட. நேரம் நெருக்கினால் வித்தியாசம் இன்னும் பெரிது. காலம் செல்லச்செல்ல அது சுருங்காமல் விரிந்திருக்கிறது. கதை வாசிப்பில் மட்டும் அந்த வித்தியாசம் தென்படவில்லை. புராணக் கதையால் ஊரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் பொறுமைக் குறைவுக்குத் துணைசெய்த இன்னொன்று ரியூசன். பாடநூலை வாசிக்காதே, நோட்ஸைப் பார், கடந்தகால வினாத்தாளைச் செய் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, இருபது வயதில் அவன் ஒரு கட்டுரையை முழுதாக வாசிப்பதில்லை என்று தொலைபேசியின் மேல் பழி போடுகிறோம். குரல்பதிவையும் இரட்டை வேகத்தில் கேட்கலாம் என்ற வசதி 2021இல் வட்ஸ்அப்பில் வந்தது. அம்மா கனடாவிலிருக்கும் மகனுக்கு ஆறுதலாகச் சொன்னது அவன் காதில் ஓட்டமாக விழுகிறது. அவள் நிறுத்தி மூச்செடுத்த இடங்களில் சொல்லாமல் சொன்னவை அந்த வேகத்தில் தப்பிவிடுகின்றன.

ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். இந்தத் தீவில் வாசிக்கப்படாத எழுத்துக்கு இரத்தத்தால் விலை கொடுத்திருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வரி வதந்தி பரவியது. கடை தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது அது வெறும் மாக்கட்டி என்று. அறிக்கை வருமுன் வரி ஓடி முடிந்திருந்தது. அடுத்த மாதம் திகனையில் வீடுகள் எரிந்தன. அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. டுவிட்டரில் பகிரப்படும் இணைப்புகளில் 59 வீதம் ஒருவராலும் திறந்து பார்க்கப்படுவதில்லை என்று கொலம்பியாப் பல்கலைக்கழகமும் ஒரு பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் 2016இல் கண்டன. வாசிக்காமல் பகிர்வது சோம்பலோடு முடிகிற விசயம் அல்ல.

எங்கள் வாசலுக்கே வந்த உதாரணம் 2025இல் கிடைத்தது. மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி ஒன்று, வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாக அறிவிக்கப்படலாம் என்றது. உடையவர்களில் பலர் இடம்பெயர்ந்தவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், உறுதியைப் போரில் தொலைத்தவர்கள். கடும் எதிர்ப்பும் உயர்நீதிமன்ற வழக்கும் வந்த பிறகு அரசு அதைத் திரும்பப்பெற்றது. எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்தத் துண்டுக் காணி, எல்லை எது, காலக்கெடு எது என்ற விபரமெல்லாம் வரட்சியான சட்ட மொழியில் நீண்டு கிடந்தது. அதைக் கடைசிவரை வாசித்த சிலரால்தான் மற்றவர்களின் காணி தப்பியது. உறுதி, வர்த்தமானி, தீர்ப்பு, கடன் ஒப்பந்தம், வைத்திய அறிக்கை: எங்கள் வாழ்வைத் தீர்மானிக்கிற எழுத்துகள் ஒன்றும் சுருங்கவில்லை. வாசிக்கிற நாங்கள்தான் சுருங்கிக்கொண்டிருக்கிறோம். நீளமாக வாசிக்கக்கூடிய சிலரின் கையில் மற்ற எல்லாருடைய காரியமும் போய்ச் சேருகிறது. ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர்களின் அதிகாரம் அன்று எப்படி இருந்ததோ, அதே நிலைக்கு நாங்களாகவே திரும்பிப் போகிறோமா என்பதுதான் என் பயம்.

நீண்ட உரையாடலை இயந்திரமே சுருக்கித் தரும் வசதிகள் தொலைபேசிக்குள் வந்துகொண்டிருக்கின்றன. வரட்டும். பயன் சொல்பவரிடம் நாம் கேட்டதை அந்த இயந்திரத்திடமும் கேட்போம்: முதலில் பாட்டைக் காட்டு. குழுவில் ஒரு செய்தியைச் சுருக்கிப் போடுகிறவர் மூலத்தையும் சேர்த்துப் போடட்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பாடவேளை, குறிப்பெடுப்பும் வினாத்தாளும் இல்லாமல், ஒரு பிள்ளை வாசிக்க இன்னொரு பிள்ளை பயன் சொல்லட்டும். நல்லூர்க் கோயிலுக்கு அருகே நாவலர் பெயரில் மண்டபம் இருக்கிறது. இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளும் அந்த நாட்களில்தான் ஊரில் நிற்கிறார்கள். மாலையில் ஒரு மணித்தியாலம் அங்கே பெரியபுராண வசனத்தை வாசிக்கலாம். யாரும் வந்து இருக்கலாம், எந்தச் சாதியும் எந்த மதமும் கேட்க வேண்டாம். சனசமூக நிலையங்களில் அடுத்த வர்த்தமானி வரும்போது ஒருவர் அதை உரத்து வாசிக்க, சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து வரிக்கு வரி பயன் சொல்லலாம். வாசிக்கத் தெரிந்த பொடியன்களும் ஓய்வுபெற்ற பிரசித்த நொத்தாரிசுகளும் இல்லாத ஊர் இங்கே இல்லை. வாங்கும் அப்படியே இருக்கிறது.